மனைவிக்கு வங்கியில் வேலை, அதற்காக என் பங்கை நான் விற்கக் கூடாதா?

சிங்காநல்லூரான் | 2025 அக்டோபர் 8, இரவு 9.42

வணக்கம். கொஞ்சம் எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒரு தனியார் வங்கியின் வட்டார அலுவலகத்தில் கடன் பிரிவில் இருக்கிறார். வங்கியின் பேர் வேண்டாம். அதே வங்கியின் பங்கு என்னிடம் 300 இருக்கிறது, 2019-ல் வாங்கியது, அப்போது எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. தீபாவளிச் செலவு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சரி ஒரு 200-ஐ விற்றுவிடலாம் என்று இன்று காலை ஆர்டர் போட்டேன். போட்ட வேகத்தில் நிராகரித்துவிட்டது. புரோக்கர் ஆபீசுக்குப் போன் அடித்தால் ஒரு பையன், "உங்க பான் நம்பருக்கு இந்த ஒரு பங்குல மட்டும் தடை இருக்கு சார், உங்க வீட்ல யாராவது அங்க வேலை பாக்கறாங்களா?" என்று கேட்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் மனைவியிடம் கேட்டால், "ஆமா, மெயில் வந்துச்சு, சொல்ல மறந்துட்டேன்" என்கிறார்.

இதற்கு இன்சைடர் டிரேடிங் தடுப்பு என்று பேராம், அதாவது உள்ரகசியம் தெரிந்தவர்கள் அதை வைத்துப் பங்கு வாங்கி விற்காமல் தடுப்பது. எனக்கு என்ன ரகசியம் தெரியும்? அவர் வீட்டுக்கு வந்தால் ஆபீஸ் பேச்சே எடுப்பதில்லை. என் காசில் நான் வாங்கிய பங்கு. இது நியாயமா?

---

கடுகு | இரவு 9.58

இன்சைடரின் வீட்டுக்காரர் அவுட்சைடர். எங்கள் வீட்டில் மாமனார் பேங்க், அதனால் லாக்கர் கிடைத்தது, அதோடு சரி.

---

சி.எஸ். காவேரி | இரவு 10.31

நான் கம்பெனி செகரட்டரி. வேறு துறையில் இருக்கிறேன், ஆனால் இந்த மெயிலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புகிற ஆளே நான்தான், அதனால் திட்டு வாங்கிப் பழக்கம்.

சார், உங்களுக்கு ரகசியம் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிகளில் 'வெளிவராத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல்' என்று ஒன்று உண்டு, காலாண்டு முடிவு, டிவிடெண்ட், இணைப்பு, பெரிய ஆர்டர் மாதிரி. அது கையில் படக்கூடிய ஊழியர்களைக் கம்பெனி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்க வேண்டும். தலைமை நிர்வாகியும் அவருக்குக் கீழே இரண்டு படிவரை உள்ளவர்களும் அதில் கட்டாயம் உண்டு. மற்றவர்களை வேலையின் தன்மையைப் பார்த்துச் சேர்ப்பார்கள், ஐ.டி. ஆளும் செயலர் பிரிவு ஆளும்கூட வரலாம். உங்கள் மனைவி அந்தப் பட்டியலில் இருக்கிறார். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் அறிவித்து 48 மணி நேரம் ஆகும்வரை பட்டியலில் உள்ளவர்கள் தங்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. இதைத்தான் டிரேடிங் விண்டோ மூடல் என்கிறோம். அவர்களோடு கணவன் மனைவிக்கும் அது பொருந்தும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்றால், பணத்துக்கு அவர்களை நம்பி இருந்தாலோ, பங்கு வாங்க விற்க அவர்களிடம் யோசனை கேட்டாலோ மட்டும். கணவனுக்கு அந்தச் சலுகை இல்லை, நீங்கள் தனியாகச் சம்பாதித்தாலும் சரி.

விதி பழசு. முன்பெல்லாம் மெயில் வரும், படிக்காமல் விற்றுவிட்டு அப்புறம் விளக்கக் கடிதம் எழுதுவார்கள். ஊழியர்களின் பான் எண்ணை அந்த ஒரு பங்குக்கு மட்டும், பங்குகளை மின்கணக்கில் வைத்திருக்கும் டெபாசிட்டரியிலேயே முடக்கும் முறை சில வருடமாக இருக்கிறது. குடும்பத்தாருக்கு அதை நீட்டித்தது இந்த அக்டோபர் 1 முதல், அதுவும் சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு. மற்றவர்களுக்கு 2026 ஜனவரி 1. நீங்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டீர்கள். தடுத்தது நல்லதுக்குத்தான், போன வருடம் இதே ஆர்டர் நடந்தேறியிருக்கும், உங்கள் மனைவி பதில் சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்.

---

சிங்காநல்லூரான் | இரவு 10.50

விளக்கத்துக்கு நன்றி மேடம். இருந்தாலும் ஒரு சந்தேகம். அவர் பார்ப்பது கம்பெனிகளுக்குக் கொடுக்கும் கடன் ஃபைல்கள். வங்கியின் லாபம் எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது பம்பாயில் யாரோ நாலு பேருக்குத் தெரியும்.

---

ஓய்வு மேனேஜர் | அக்டோபர் 9, காலை 6.15

தம்பி, நீங்கள் தப்பான கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவருடைய வங்கியின் பங்கு சின்ன விஷயம். வங்கியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறதே கம்பெனிகள், அந்தப் பங்குகள்தான் பெரிய விஷயம்.

நான் 34 வருடம் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்தேன். வெளியே இருப்பவர்களுக்கு வங்கி என்றால் டெபாசிட், நகைக்கடன், பாஸ்புக். உள்ளே பாதி வேலை கம்பெனிகளுக்கு நடைமுறை மூலதனம் கொடுப்பது, எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடிதம்) திறப்பது, கேரண்டி கொடுப்பது. அதற்காக அவர்கள் எங்களிடம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரும், குடோனில் எவ்வளவு சரக்கு, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று. டாக்டரிடம் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. பங்கு வைத்திருக்கிறவனுக்கு மூன்று மாதம் கழித்துத் தெரியப்போவது எங்களுக்கு அந்த மாதமே தெரியும்.

1994-ல் நடந்தது. கொங்குப் பக்கம் ஒரு கிளை, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு ஸ்பின்னிங் மில் எங்கள் வாடிக்கையாளர். பஞ்சு ஸ்டாக் பார்க்கக் குடோனுக்குப் போனேன். ஸ்டேட்மென்டில் 1,800 பேல். முன் வரிசை கூரைவரை அடுக்கியிருந்தது, பார்க்க அழகாக இருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது, பக்கவாட்டில் ஒருக்களித்து உள்ளே போனால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் வெறும் தரை. சிமெண்டில் பேல் இருந்த தடம் மட்டும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது, அதன் மேல் தூசி. கூட வந்த ஃபைனான்ஸ் மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. டீ கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

கிளைக்குத் திரும்பி வட்டார அலுவலகத்துக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு இருக்கும்போது எங்கள் ஹெட் கேஷியர் வந்து பக்கத்தில் நின்றார். நல்ல மனுஷர், ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருடம். "சார், மில்லுக்குப் போயிட்டு வந்தீங்களா? நம்ம ஊர் மில்லாச்சேன்னு 500 ஷேர் வாங்கி வெச்சிருக்கேன், பொண்ணு கல்யாணத்துக்கு. வெச்சுக்கலாமா, வித்துடலாமா?" என்றார்.

செபி அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1992-ல், இன்சைடர் டிரேடிங் விதி கொண்டுவந்திருந்தது. அதையெல்லாம் எங்கள் கிளையில் யாரும் படித்ததில்லை. வாடிக்கையாளர் ரகசியம் காப்பேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டோமே, அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "எனக்கு ஷேர் பத்தி ஒண்ணும் தெரியாது பெரியவரே" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். விற்றாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. இரண்டு தடவை பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார், அந்த மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

உங்கள் மனைவியின் மேசையிலும் அப்படி ஃபைல்கள் இருக்கும். ஆபீஸ் பேச்சு எடுப்பதில்லை என்று சொன்னீர்களே, அவர் விஷயம் தெரிந்தவர்.

---

கடுகு | காலை 7.02

ஐயா, காலங்காத்தாலே இப்படி எழுதினால் எப்படி. அந்த மில் என்ன ஆச்சு?

---

ஓய்வு மேனேஜர் | காலை 7.20

மூடிவிட்டார்கள். இப்போது மனை பிரித்து விற்றாகிவிட்டது.

---

பாரிஸ் கார்னர் | காலை 9.11

எல்லாம் சரி, ஆனால் சிங்காநல்லூர்க்காரரின் 200 பங்கைத் தடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடு. மேலே இருக்கிறவன் ரிசல்ட்டுக்கு ஆறு மாதம் முன்பே விற்றுவிட்டு ஹாயாக இருப்பான். முப்பது வருடமாகச் சந்தையில் இருக்கிறேன். 1996-ல் இந்துஸ்தான் லீவர், புரூக் பாண்ட் லிப்டனை இணைக்கப்போகிறது, அறிவிப்பதற்குச் சில வாரம் முன்னால் யூ.டி.ஐ. பரஸ்பர நிதியிடமிருந்து அந்தக் கம்பெனியின் 8 லட்சம் பங்கை வாங்கியது. செபி 1998-ல் உத்தரவு போட்டது, அப்பீலில் அது நிற்கவில்லை. பி.சி. ஜுவல்லர் வழக்கில் நிர்வாகியின் உறவுக்காரர்கள் பங்கை விற்றார்கள், 2022-ல் உச்ச நீதிமன்றம் உறவுக்காரர் என்பது மட்டும் போதாது, தகவல் கைமாறியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு செபியின் உத்தரவை ரத்து செய்தது. கணவன் காதில் மனைவி சொன்னதற்கு எவன் ஆதாரம் கொண்டுவருவான்? ஆதாரம் இல்லாத இடத்தில் சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்.

---

சி.எஸ். காவேரி | காலை 11.45

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, அதில் எனக்கு வாதம் இல்லை. காதில் சொன்னதை நிரூபிக்க முடியாது என்பதால்தான் சார் முன்கூட்டியே பான் எண்ணை முடக்குகிறார்கள், சிங்காநல்லூராருக்கு அதுதான் நடந்தது. 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி, தொடர்புள்ள நபர் என்பதில் நெருங்கிய உறவினர் என்று இருந்ததை உறவினர் என்று அகலப்படுத்தினார்கள். தனியாகச் சம்பாதிக்கிற அண்ணன், மச்சான், மாமனார் எல்லாம் இப்போது அதற்குள் வருகிறார்கள். அவர்கள் வாங்கி விற்கத் தடை இல்லை, ஆனால் சந்தேகம் வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு அவர்கள் பக்கம் வந்துவிட்டது.

ஆனால் மேலே இருக்கிறவர்களைத் தொடவே மாட்டார்கள் என்றீர்களே, அதற்கு இந்த வருடத்து உதாரணமே இருக்கிறது, அதுவும் வங்கி. இண்டஸ்இண்ட். மார்ச் 10-ஆம் தேதி, டெரிவேட்டிவ் (விலை ஏற்ற இறக்கத்துக்குக் காப்பாகப் போடும் ஒப்பந்தம்) கணக்கில் முரண்பாடு இருக்கிறது, நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் பாதிக்கும் என்று அறிவித்தார்கள். மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்தது, 900 ரூபாயில் இருந்தது 656-க்குப் பக்கத்தில். ஒரே நாளில். விஷயம் என்னவென்றால், வெளிநாட்டுக் கரன்சியில் வாங்கிய கடன், டெபாசிட்டுக்காக வங்கியின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு உள்ளுக்குள்ளேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. வெளிச்சந்தையில் போட்ட ஒப்பந்தத்துக்கு அன்றாட விலையில் கணக்கு, உள் ஒப்பந்தத்துக்கு வேறு கணக்கு முறை. இரண்டும் ஒத்துப்போகாமல் லாபம் மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டே வந்தது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் கொடுத்த நெறிமுறை 2024 ஏப்ரலில் அமலுக்கு வர, உள் ஒப்பந்தங்கள் நின்றன, பழைய கணக்கைத் தோண்ட வேண்டி வந்தது.

இதில் செபி கேட்ட கேள்விதான் நமக்கு முக்கியம். வெளியே சொன்னது 2025 மார்ச்சில். உள்ளே தெரிந்தது எப்போது? 2023 டிசம்பரிலேயே உள் மெயில்களில் இந்த விஷயம் ஓடியிருக்கிறது என்கிறது மே 28-ஆம் தேதி உத்தரவு. வங்கியோ 2025 மார்ச் 4 அன்றுதான் இதை விலையைப் பாதிக்கும் தகவல் என்று பதிவேட்டில் வைத்தது. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல். ரகசியம் என்று பேர் வைக்காததால் அதற்கெனத் தடையும் இல்லை, காலாண்டுத் தடை இல்லாத நாட்களில் எல்லோருடைய பானும் திறந்தே கிடந்தது. அந்த இடைவெளியில் அப்போதைய தலைமை நிர்வாகி உட்பட 5 பேர் பங்கு விற்றார்கள் என்றும், அதனால் தவிர்த்த நஷ்டம் 19.78 கோடி ரூபாய் என்றும் சொல்லி அந்தத் தொகையை முடக்கி, சந்தைக்குள் வரக் கூடாது என்று தடை போட்டார்கள். இது இடைக்கால உத்தரவு, அவர்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு, குற்றம் முடிவாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த உத்தரவைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸில் என் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்கு, எந்தத் தகவல், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது, பான் எண்ணோடு அதில் இருக்க வேண்டும், பிற்பாடு திருத்த முடியாதபடி, எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். மூன்று இடத்தில் ஆடிட்டருக்கு மெயில் போன தேதிக்கும் பதிவு போட்ட தேதிக்கும் நாலு நாள் வித்தியாசம். நாலு நாள்தானே என்று போன வருடம் விட்டிருப்பேன்.

---

பாரிஸ் கார்னர் | மதியம் 12.20

19 கோடி. 27 சதவீதம் விழுந்ததில் என்னை மாதிரி ஆட்களுக்குப் போனது எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அந்தப் பணம் எனக்கா வரப்போகிறது? என்னிடம் 60 பங்கு இருந்தது. சரி, உங்களை ஏன் திட்டுகிறேன், நீங்கள் மெயில் மட்டும்தான் அனுப்புகிறீர்கள்.

---

மேட்டுப்பாளையம் அக்கா | மதியம் 1.05

எனக்குப் பங்கு கிங்கு எல்லாம் தெரியாது. இப்படிப் பங்கு விழுந்தால் அந்த வங்கியில் எஃப்.டி. போட்டவர்கள் கதி என்ன? மார்ச்சில் எங்கள் தெருவில் ஒரே பேச்சு.

---

ஓய்வு மேனேஜர் | மதியம் 2.40

பங்கு விழுவது வேறு, டெபாசிட் போவது வேறு அம்மா. நஷ்டம் முதலில் பங்குதாரர் மூலதனத்தில்தான் கழியும். அந்த வங்கி விஷயத்தில் ரிசர்வ் வங்கியே மார்ச் 15 அன்று அறிக்கை விட்டது, மூலதன விகிதம் 16.46 சதவீதம் இருக்கிறது, பணப்புழக்க விகிதம் 100 இருக்க வேண்டிய இடத்தில் 113 இருக்கிறது, டெபாசிட்தாரர்கள் வதந்தியை நம்ப வேண்டாம் என்று. எந்த வங்கியாக இருந்தாலும் ஒருவருக்கு 5 லட்சம்வரை, அசலும் வட்டியும் சேர்த்து, காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து. அதற்கு முன்னால் 1 லட்சம்தான். அதற்கு மேல் போடுவதாக இருந்தால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள், கிளையைப் பிரித்தால் பிரயோஜனம் இல்லை, ஒரே வங்கியின் எல்லாக் கிளையும் ஒரே கணக்குதான்.

---

புதுப் பணக்காரன் | மாலை 5.33

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் சேமிப்புக் கணக்கு, டீமேட், டிரேடிங் மூன்றும் ஒரே வங்கியில். அங்கிருந்து ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, "இந்தப் பங்கை எடுங்க சார், நல்ல விஷயம் வரப்போகுது" என்கிறார். வங்கிக்குள் இருக்கிறவர், அவருக்கு உள்விஷயம் தெரியும்தானே? வாங்கினால் நானும் மாட்டிக்கொள்வேனா?

---

சி.எஸ். காவேரி | மாலை 6.10

அநேகமாக அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே உள்விஷயம் உங்கள் எஃப்.டி. எந்தத் தேதியில் முடிகிறது என்பது. கடன் பிரிவில் இருப்பது புரோக்கிங் பக்கம் போகக் கூடாது என்று நடுவில் சுவர் வைத்திருப்பார்கள், தெரிந்த கம்பெனிகளின் பங்கைத் தடைப்பட்டியலில் போடுவார்கள். அவர் கையில் இருப்பது மாத இலக்கு. ஆனால் உண்மையிலேயே அவர் ஒரு கம்பெனியின் வெளிவராத விஷயத்தைச் சொல்லி, அது தெரிந்தே நீங்கள் வாங்கினால், சொன்னவர் மட்டுமல்ல, கேட்டு வாங்கிய நீங்களும் இன்சைடர்தான். அபராதம் குறைந்தது 10 லட்சம், அதிகபட்சம் 25 கோடி அல்லது லாபத்தைப் போல மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

---

வெள்ளவத்தை | இரவு 8.48

போனில் கேட்டு வாங்கி மாட்டுப்பட்ட கதை என்றால் எங்கட ஊரில் பிறந்த ராஜ் ராஜரத்தினத்தின் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. கொழும்பில் பிறந்து நியூயார்க்கில் கேலியன் என்று பெரிய நிதியம் நடத்தினவர். 2008 செப்டம்பர் 23, கோல்ட்மன் சாக்ஸில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடப்போகிறார் என்று இயக்குநர் குழு போனிலேயே கூடி முடிவெடுக்கிறது. கூட்டம் முடிந்து ஒரு நிமிஷத்துக்குள் இயக்குநர் ரஜத் குப்தா ராஜரத்தினத்துக்கு அழைப்பு எடுத்திருக்கிறார். சந்தை பூட்டச் சில நிமிஷம்தான் மிச்சம், அதற்குள் கேலியன் பங்கை வாங்கிவிட்டது. அந்த இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று ஒலிப்பதிவு கிடையாது. அழைப்பு போன நேரமும் பங்கு வாங்கின நேரமும்தான் சாட்சி. அதற்குப் பிறகு ராஜரத்தினம் தன் ஆட்களோடு பேசினது ஒட்டுக்கேட்புப் பதிவில் இருந்தது. அவருக்கு 11 வருஷம், குப்தாவுக்கு 2 வருஷம். பாரிஸ் கார்னர் அண்ணை, ஆதாரம் எங்கே என்று கேட்டீர்களே, நேரமும் ஆதாரம்தான்.

---

பாரிஸ் கார்னர் | இரவு 9.15

அமெரிக்காவில் அண்ணே. இங்கே அந்த மாதிரிப் போனை ஒட்டுக்கேட்கச் செபிக்கு அதிகாரம் கிடையாது. கால் விவரம் வாங்கலாம், பேச்சு கிடைக்காது. ஆனால் நேரம் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

---

சிங்காநல்லூரான் | அக்டோபர் 29, இரவு 9.05

இழையை மூடாமல் விட்டுவிட்டேன். வங்கியின் ரிசல்ட் சனிக்கிழமை வந்தது. 48 மணி நேரம் என்றால் திங்கள் காலையே விற்கலாம் என்று நினைத்தேன், சனி மதியத்திலிருந்து எண்ணினால் திங்கள் மதியம் ஆகிறது, மனைவி செவ்வாய்வரை பொறுங்கள் என்றார். நேற்று 200 பங்கையும் விற்றேன், அன்றைக்குப் போட்ட விலையைவிட 11 ரூபாய் குறைவு. விற்பதற்கு முன்னால் அவர் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அதில் என்னிடம் ரகசியத் தகவல் எதுவும் இல்லை என்று ஒரு உறுதிமொழி. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், விற்ற பிறகு ஆறு மாதத்துக்கு அதே பங்கைத் திரும்ப வாங்கக் கூடாதாம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஐயாவின் மில் கதையைப் படித்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பார்த்தேன், "நம்ம ஊர் கம்பெனி எதாவது உன் டேபிள்ல இருக்கா?" என்று. அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ரசம் ஊத்தட்டுமா, மோரா?" என்றார். மோர் என்றேன்.

---

ஓய்வு மேனேஜர் | அக்டோபர் 30, காலை 6.02

அம்மாவை ஒரு வாரம் தலைக்குக் குளிக்க விடாதீர்கள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள்.